கூடத்துச் சுவரில் கடல்

அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியதும், சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியின் மாடியில் நான் வைத்திருந்த ஓவிய அறையைக் காலி செய்துவிட்டு, ஸ்ரீவராகத்தில் அப்பா இருந்த வீட்டுக்கே வந்துவிட்டேன். அம்மா போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. தம்பி வெளிநாட்டில். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை. வரும்போது பாதியில் நின்ற ஒரு படத்தையும் சுருட்டிக்கொண்டு வந்தேன். மழைக்காலம் முடிந்ததும் நடக்கவிருந்த கண்காட்சிக்கு ஒப்புக்கொண்ட படம். கரியால் வரைந்த கடலடி.

ஆள் உயரத்தைவிடப் பெரிய தாள். அதை மாட்ட வீட்டில் ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. கூடத்தில், அப்பாவின் கட்டிலுக்கு எதிரே.

விழிஞ்ஞத்தில் படகுகள் கரை சேரும் நேரத்துக்குப் போய்ப் பார்த்து வரைந்த உயிர்கள் அதில் இருந்தன. திருக்கை, கணவாய், வாய் பிளந்த களவா மீன், குடை விரித்த சொறிமீன். எங்கள் அக்கிரகாரத் தெருவில் மீன் வண்டி திரும்பினாலே சன்னலைச் சாத்துவார்கள். அப்பா வெகுநேரம் சுவரையே பார்த்தார்.

"ஆத்துக்குள்ள மீனா?"

"படம்தானேப்பா."

"படமானா கத்திரிக்காய் ஆயிடுமாக்கும்?" என்றார். ஆனால் எடுக்கச் சொல்லவில்லை.

கரித்தூள் அவர் மூச்சுக்கு ஆகாது. அவரை வாசல் பக்கம் நாற்காலியில் உட்காரவைத்திருக்கும் நேரத்தில் மட்டும் வரைவேன். தரையை ஈரத்துணியால் துடைத்த பிறகே உள்ளே அழைத்து வருவேன். கரி உதிராமல் இருக்கப் படத்தின் மேல் ஒரு ஸ்பிரே அடிக்க வேண்டும். அந்த நெடியையும் அவரால் தாங்க முடியாது என்பதால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தேன்.

மருந்தைவிடப் பெரிய கஷ்டம் தண்ணீர்தான். காபி, மோர், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன பாட்டிலைத் தாண்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்பா காலையிலேயே பாதியைக் குடித்துவிடுவார். மத்தியானத்துக்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிடுவேன். பஞ்சைப் பல்லால் பிடித்துக்கொள்வார்.

"எதிர்க்க இத்தனை ஜலத்தை மாட்டி வெச்சுண்டு எனக்கு ஒரு வாய் தரமாட்டேங்கறயே" என்றார் ஒருநாள்.

எழுந்துபோய்ப் படத்தின் ஊசிகளைப் பிடுங்கத் தொடங்கினேன்.

"எடுக்காதே. அதுகளாவது நன்னா இருக்கட்டும்."

அதன் பிறகு ஒவ்வொன்றாக விசாரிக்க ஆரம்பித்தார். குடை மாதிரி இருக்கிறதே, அது என்ன?

"சொறிமீன்ப்பா. அதுக்கு எலும்பே கிடையாது. உடம்பு முழுக்க ஜலம்தான்."

"கொடுத்து வெச்சது" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

ஆடி மழையில் அவர் கால்கள் வீங்கின. ஒரு மத்தியானம் தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு விழித்தவர் என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"ஜலம் ஏறறதுடீ. கால்கிட்ட வந்துடுத்து. கட்டிலைத் தூக்கு."

"இல்லைப்பா. தரை காய்ஞ்சு கிடக்கு, பாருங்கோ."

அவர் தரையைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கேயும் கேட்டது தண்ணீர்தான். நான் பஞ்சைத்தான் நனைத்துக் கொடுத்தேன். மறுநாள் போய்விட்டார். நான் செய்தது சரிதான் என்று டாக்டர் சொன்னார். சரியாகத்தான் இருக்கும். தாகத்தோடு போனார் என்பது அதனால் மாறிவிடாது.

தம்பி வந்து சேர்ந்தான். காரியத்துக்கு வந்த வாத்தியார் கூடத்துக்குள் காலை வைத்ததும் நின்றுவிட்டார்.

"இதை வெச்சுண்டு எப்படிம்மா பண்றது? எடுத்துடுங்கோ."

வாதாட எனக்குத் தெம்பில்லை. நானே ஊசிகளைப் பிடுங்கிப் படத்தை அவசரமாகச் சுருட்டினேன். ஸ்பிரே அடிக்காத கரி. உள்ளே தாளோடு தாள் உரசுவது கேட்டது. தம்பி உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டான்.

"நன்னா விடுங்கோ. போனவாளுக்குத் தாகம் ஜாஸ்தி" என்றார் வாத்தியார்.

நான் அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அதுவரை வராத அழுகை அங்கேதான் வந்தது.

படத்தை வாங்கிப்போகக் கண்காட்சி நடத்தும் பெண் வந்தபோதுதான் மறுபடி விரித்தேன். திருக்கையின் ஓரங்கள் கரைந்திருந்தன. களவாவின் முகம் கணவாயின் மேல் அப்பியிருந்தது. முழுத்தாளும் சேறு கலங்கியது போல் சாம்பலாகக் கிடந்தது.

"இது அன்னு கண்ட படமல்லல்லோ, சேச்சி" என்றாள் மலையாளத்தில், முன்பு வந்து பார்த்துவிட்டுப் போனதை நினைத்து. "சரியாக்கான் டைம் வேணோ?"

"வேண்டாம். இப்படியே கொண்டுபோ."

திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. பிறகு ஒரு வேலை நாளில் போனேன். காவலாளி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். அறையில் வேறு ஒருவரும் இல்லை. படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்; அடையாளம் தெரியாத ஒருவர் வரைந்தது போல் இருந்தது. கிழக்கேகோட்டைக்கு பஸ் பிடித்து, அங்கிருந்து நடந்து வீட்டுக்கு வந்தேன்.

வீட்டை விற்றுவிடலாமா என்று தம்பி போனில் கேட்கிறான். ஒவ்வொரு தடவையும் யோசித்துச் சொல்கிறேன் என்கிறேன். இப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் படம் சொல்லித்தருகிறேன். கிரேயான் போதும் அவர்களுக்கு. நானாக இன்னும் ஒன்றும் தொடங்கவில்லை.