பிரியாணி தின்றவரின் பட்டினிப் படம்

அந்த மனிதர் அன்று மதியம் தென்காசியில் ஒரு கல்யாண வீட்டில் இரண்டு தடவை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டிருந்தார். அவரே பெருமையாகச் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டுதான் அவரைப் படமெடுத்து, அந்தப் படத்துக்குப் ‘பசி’ என்று பெயர் வைத்தேன்.

குற்றாலம் மெயின் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அவர். கோடையில் அருவி காய்ந்தால் அவருக்கும் வேலை கிடையாது. நானோ கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்று, மேலகரத்தில் வீடு கட்டி, மனிதத் துயரத்தைப் பதிவு செய்யவென்று விலை உயர்ந்த கேமரா வாங்கியிருந்தவன். மேலகரத்திலும் துயரத்துக்குக் குறைவில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனைப் படமெடுத்தால் அடிப்பான்.

அன்று அவர் காய்ந்த பாறையில் உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். படம் எடுக்கலாமா என்றேன். உடனே எழுந்து, தலையை வாரி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார். நல்ல வாட்டசாட்டமான ஆள். அது எனக்கு உதவாது.

“சட்டையைக் கழட்டுப்பா. குனிஞ்சு உக்காரு. சிரிக்காத.”

“ஏன் சார், எழவு வீடா?”

“இயற்கையா இருக்கணும்.”

“வயிறு முட்டிக் கெடக்கு. குனிஞ்சா வெளிய வந்துரும்.”

இருந்தும் குனிந்தார். ஒரு கை வயிற்றில், கண் பாதி மூடி, அடுத்த ஏப்பத்துக்காக வாய் லேசாகத் திறந்திருந்தது. எடுத்தேன். வீட்டுக்கு வந்து கறுப்புவெள்ளையாக்கி நிழலைக் கூட்டினேன். இல்லாத விலா எலும்பெல்லாம் எழுந்து வந்தது.

எங்கள் கேமரா கிளப்பில் எல்லோரும் பென்ஷன்காரர்கள். தென்காசியில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி ஹாலில் கண்காட்சி வைத்தோம். தலைவர், முன்னாள் வங்கி மேனேஜர், என் படத்தின் முன்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிறகு போண்டா தின்னப் போனார். முதல் பரிசு எனக்கு. படத்துக்கடியில் என் பெயர், பட்டங்களோடு. யாரோ அதைப் போனில் எடுத்து வாட்ஸப்பில் விட, ‘இவருக்கு உதவுங்கள்’ என்று ஊரெல்லாம் சுற்றியது. நானும் நாலு குரூப்பில் அனுப்பினேன்.

சாரல் சீசன் தொடங்கி அருவியில் தண்ணீர் விழுந்ததும் குளிக்கப் போனேன். வழி நெடுக முதுகில் எண்ணெய் அறையும் சத்தம். ஆட்களை உட்காரவைத்துத் தேய்க்கிற அவருடைய பலகையில் மட்டும் ஆளில்லை. பக்கத்தில் பன் பாக்கெட்டுகளும் யாரோ கழித்துப்போட்ட பேண்டுகளும் குவிந்திருந்தன.

“வாங்க சார். பன்னு திங்கீயளா?” என்றார். “வாரவன் எல்லாம் போனப் பாக்கான், என் மூஞ்சியப் பாக்கான், ஐயோ பாவம்ங்கான். பன்னக் குடுத்துட்டு அடுத்தவன்ட்ட போயி முதுகக் காட்டுதான். பட்டினி கெடக்கவன் கையில என்ன பெலம் இருக்கும்னு நெனப்பு. இந்தச் சாரல வச்சுத்தான் சார் வருசம் பூரா எங்க வீட்ல அடுப்பு எரியுது.”

அடுத்த பலகைக்காரர் குரல் கொடுத்தார். “ஏலே, நாளைக்குக் கேக்கு கேளுலே. பன்னு அலுத்துப் போச்சு.”

குரூப்புகளிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்கிறேன் என்றேன்.

“ஊரு பூரா போனுக்குள்ள கெடக்கு. எங்கன போயி எடுப்பீய? வேற படம் எடுங்க. எனக்குப் புடிச்ச மாதிரி.”

மறுநாள் மீசைக்கு மை அடித்து, இறுக்கமான பனியனில், கையெல்லாம் எண்ணெய் மின்ன வந்து புஜத்தை முறுக்கிக் காட்டினார். பின்னால் அருவி வேண்டும், பக்கத்தில் சிங்கம் வேண்டும் என்றார். தென்காசி ஃபிளக்ஸ் கடையில் இரண்டையும் சேர்த்து, ‘இரும்புக் கை! எலும்புக்கு இதம்!’ என்று போட்டார்கள். எடுத்தவர் பெயர் போடணுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன்.

அதைப் பலகைக்கு மேலே மரத்தில் கட்டினார். முதுகுகள் திரும்பி வரத் தொடங்கின.

இத்தோடு நிறுத்தினால் நான் நல்லவனாகத் தெரிவேன். நிறுத்த முடியாது. அதே சாரலில் கிளப்காரர்களோடு அந்த வழியே போனேன். ஃபிளக்ஸைப் பார்த்துத் தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“எவன்யா எடுத்தான் இந்தக் கொடுமைய?”

“செங்கோட்டைப் பக்கம் ஏதாவது ஸ்டுடியோக்காரனா இருக்கும்” என்றேன்.

எண்ணெய்க்காரர் கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் மானம் போகப்போகிறது என்று நின்றேன்.

“ஆமா சார், ஸ்டுடியோக்காரர்தான்” என்றார் தலைவரிடம், என் பக்கம் திரும்பாமலே. “தங்கமான மனுசன். கேட்ட மாதிரி எடுத்துக் குடுத்தாரு. நீங்க உக்காருங்க அண்ணாச்சி, தோள்பட்டை ரெண்டும் காதுக்கு ஏறிக் கெடக்கு.”

தலைவர் கண்ணாடி, கேமரா, பேண்ட் எல்லாவற்றையும் என் கையில் திணித்துவிட்டு உட்கார்ந்தார். முதல் அறையிலேயே “யம்மா” என்று கத்தினார். அவர் கத்தக் கத்த நாலு பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். நான்தான் எடுத்தேன் என்று அப்போதும் சொல்லியிருக்கலாம். சாரலில் நனைந்துகொண்டு தலைவரின் பேண்டைப் பிடித்தபடி நின்றேன்.

பின்னாலிருந்து ஒரு வெளியூர்க்காரர் கேட்டார். “ஐயா, நீங்க வரிசையில நிக்கிறீங்களா?”

இல்லை என்று ஒதுங்கினேன். அவர் முன்னால் வந்து, ஃபிளக்ஸை அண்ணாந்து பார்த்தபடியே சட்டையைக் கழற்றினார்.