அடியைத் தொட்ட பாட்டில்

ஆறு கடலில் கலக்கும் இடத்திலிருந்த நீரளவை அலுவலகத்தில் அவருக்குப் பெயர் பாட்டில்காரர். இருபத்தாறு வருடமாக ஒரே வேலை. காலையில் படகில் போய், கயிற்றில் கட்டிய பாட்டிலைப் பாதி ஆழத்துக்கு இறக்கித் தண்ணீர் எடுக்க வேண்டும். அதை வடிதாளில் வடித்து, காயவைத்து, தங்கிய வண்டலை நிறுத்து எழுத வேண்டும். "சேறு வடிகட்டறதுக்கு ஒரு உத்தியோகமாடா!" என்று அக்கா கேலி செய்வாள். அவரும் சிரிப்பார்.

மேலே பெரிய அணை வந்தது. அடுத்த மழைக்காலத்தில் ஆறு தெளிந்து ஓடியது. வண்டலெல்லாம் அணைக்குள்ளேயே படிந்துவிட்டால் கீழே என்ன வரும், மண்ணாங்கட்டி! வடிதாள் வெள்ளையாகவே காய்ந்தது. பொறியாளர் எரிந்து விழுந்தார்.

"போன வருஷத்துல பாதிகூட இல்லையே! எப்படிய்யா இறக்கறே? கை நடுங்குதுன்னா சொல்லு, வேற ஆளைப் போடறேன்."

மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் கயிற்றை இன்னும் கொஞ்சம் விட்டார். பாட்டில் ஆற்றின் அடியில் தட்டியது. கிளறிய சேறு உள்ளே புகுந்தது. எடை பழையபடி ஏறியது. "இப்பதான் சரி" என்றார் பொறியாளர். நாலு வருடம் அப்படியே ஓடியது. நாளடைவில் அதுதான் சரியான ஆழம் என்று அவரே நம்பிவிட்டார், பாவி.

அக்கா வீடு கடலோரம். கரை அரிக்கத் தொடங்கியதும், உள்ளே தள்ளி மனை தருகிறோம் என்று அரசாங்கத்தில் சொன்னார்கள். அக்கா தம்பியைத்தான் கேட்டாள்.

"போகவா, இருக்கவா? நீ சொன்னா சரி."

"வண்டல் குறையவே இல்லைக்கா. அரிச்ச கரையை ஆறே திரும்பப் போட்டுடும். பேசாம இரு."

மனை வேறு யாருக்கோ போயிற்று.

இந்த வருடம் ஒரு மத்தியானம் சமையலறைச் சுவர் கடலோடு போனது. சாயங்காலத்துக்குள் கூரையும் போனது. பள்ளிக்கூட அறையில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அக்காவிடம், கயிற்றைக் கூட விட்டு அடிச்சேற்றை அள்ளியதிலிருந்து எல்லாவற்றையும் அவர் கொட்டினார். சொல்லச் சொல்ல அழுகை முட்டியது.

அக்கா வாசற்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"உங்க மாமாகிட்ட சொல்லிடாதே. கடல்தான் ஏமாத்திடுச்சு, மாப்ளே கணக்கு தப்பாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரு."

அதற்குள் அக்காவின் புருஷனே உள்ளே வந்துவிட்டார். மைத்துனரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா மாப்ளே? உனக்காகத்தான் காத்திருந்தேன். அடுத்த வீட்டை எங்க போடலாம், நீயே சொல்லு."