பச்சைத் துண்டு கட்டிய துப்பாக்கி

படத்தில் ஆயுதம் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதைச் சுற்றிக் கட்டம் போடுவதுதான் என் உத்தியோகம். ஆயிரக்கணக்கில் அப்படிப் போட்டுக் காட்டினால் கம்ப்யூட்டர் தானாகவே ஆயுதத்தை அடையாளம் கண்டுகொள்ளுமாம். நாள் முழுக்கத் திரையை முறைத்துவிட்டு, சாயங்கால ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு வரும் சக பாவப்பட்ட ஜீவன்களே, உங்களிடம் சொன்னால்தான் இது புரியும்.

எந்த ஊர்?

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பதினெட்டு வருஷம் இரும்பு உதிரிபாகங்களில் கீறல் பார்த்தவள் நான். அதை மூடியதும் கவரைப்பேட்டையில் ஒரு மாடியில் இந்த வேலை கிடைத்தது. ஆறு பேர், ஆறு திரை, ஆறு ஹெட்போன். ஒருத்தர் தும்மினால் இன்னொருத்தருக்குத் தெரியாது.

முதல் வாரமே ஒரு நகரத்தின் போர்ப் படங்கள் வந்து இறங்கின. எதிரிப் படை நாலு பக்கமும் வளைத்துக்கொண்ட ஊர். பனி, மணல் மூட்டை, பாதி இடிந்த மாடி வீடுகள். காவலுக்கு நின்றவர்களைப் பார்த்தால் கடைக்காரர், பஸ் டிரைவர் மாதிரித்தான் இருந்தார்கள். எந்த ஊர் என்று டீம் லீடர் தினேஷிடம் கேட்டேன். மீஞ்சூர்ப் பையன், மரியாதை தெரிந்தவன்.

"ஊரு பேரு எனக்கே சொல்லலக்கா. துப்பாக்கி எங்க கீதுன்னு மட்டும் பாருங்க, போதும்."

வெல்டிங்

தண்டவாளத் துண்டுகளைக் குறுக்கும் நெடுக்கும் பற்றவைத்து, டாங்கியை மறிக்க நடுரோட்டில் நிறுத்தியிருந்தார்கள். அது ஆயுதமா, இல்லையா? எனக்கும் தினேஷுக்கும் பாதி நாள் வாக்குவாதம். பக்கத்து சீட் எஸ்தர் எழுந்து வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் ரோலிங் மில்லில் வெல்டர். இதை நம்பி ஓர் ஊர் நிற்கிறதே என்பது என் கவலை. அவளுக்கு வேறு கவலை.

"இன்னாக்கா இது, அவசரத்துல ஒட்டிகீறாங்க. எங்க ஊட்டுக்காரரு பாத்தா திட்டுவாரு."

தப்புக் கட்டம்

அந்த ஊர்க்காரர் ஒருவரை எனக்கு முகம் பழகிவிட்டது. நரைத்த தாடி, பழைய வேட்டைத் துப்பாக்கி. அதன் வார் அறுந்துபோய், பச்சைத் துண்டு ஒன்றைக் கிழித்து முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டியிருப்பார். ஒரு படத்தில் சூப் குடிப்பார். ஒன்றில் பூனைக்குப் பக்கத்தில் குந்தியிருப்பார். ஒன்றில் மூட்டைமேல் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்.

என் புருஷன் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. வீட்டில் டிவியைத் தவிர யாரும் என்னிடம் பேசுவதில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: காலையில் கம்ப்யூட்டரைப் போடும்போது, இன்றைக்கு அவர் வருவாரா என்று பார்ப்பேன். ஒரு நாள் துப்பாக்கியை விட்டுவிட்டு அவரைச் சுற்றிக் கட்டம் போட்டுவிட்டேன். பிழை என்று திரும்பி வந்தது.

"ஆளுக்குப் போடக் கூடாதுக்கா, துப்பாக்கிக்கு மட்டுந்தான். இது இன்னா புச்சா?" என்றான் தினேஷ்.

முடிச்சு

பிறகு ஒரு வாரம் அவர் வரவில்லை. எட்டாம் நாள் துப்பாக்கி வந்தது, அதே பச்சைத் துண்டோடு. தோள்தான் வேறு. இருபது வயசுப் பெண் ஒருத்தி மாட்டியிருந்தாள்.

படங்கள் முன்னே பின்னே கலந்துதான் வரும், தேதியும் இருக்காது. இது முதலில் எடுத்த படமாக இருக்கட்டும், பெண்ணிடமிருந்துதான் அவர் வாங்கியிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே பெரிதாக்கினேன். அவர் படங்களில் புதுத் துண்டு, புது முடிச்சு. இதில் துண்டு வெளுத்து, முடிச்சில் எண்ணெய் ஏறி, ஒரு நுனி கருகியிருந்தது. பதினெட்டு வருஷம் கீறல் பார்த்த கண்ணுக்கு எது முந்தி, எது பிந்தி என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டத்தைச் சரியாகப் போட்டுவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமல் அழுதேன். எஸ்தர் எப்படியோ பார்த்துவிட்டாள்.

"அது அவரு பொண்ணா இருக்கும்க்கா. அப்பாவ ஊட்ல தூங்கச் சொல்லிட்டு, அது காவலுக்கு வந்துகீது."

துப்பாக்கி எங்கே என்று கண்டுபிடித்தால் சம்பளம் தருகிறார்கள். அதை வைத்திருந்தவர் எங்கே என்று கேட்கத்தான் எங்கள் தொழிலில் யாரையும் வேலைக்கு வைக்கவில்லை.