தொண்ணூறைப் பாதியாக்கிய சியாம்

கற்பிட்டியில் கடற்காற்றுகூட சியாமிடம் சூட்டைக் கேட்டுத்தான் வீசும். சரி, அது கொஞ்சம் கூடிப்போன கதைதான். ஆனால் கொம்பியூட்டருக்குள் இருக்கும் சூட்டைச் சொல்லவைக்க, யுத்தம் முடிந்த அந்த வருடங்களில், அவன் ஊரான பாலாவியில் அவனை விட்டால் ஆளில்லை.

கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழியில் இறால் குஞ்சு வளர்த்த அல்பொன்சா அவனைக் கூப்பிட்டாள். புருஷனைக் கடல் கொண்டுபோனபின் அவளுக்கு அந்தத் தொட்டிகள்தான் பிழைப்பு. தொட்டிகளுக்குக் காற்றடிக்கும் மோட்டார்களை ஒரு பழைய கொம்பியூட்டர் ஓட்டியது. அதன் மதர்போர்டில் சூடு அளக்கும் சிப் இருந்தது. அந்தச் சிப்புடன் கொம்பியூட்டர் பேச வேண்டிய டிரைவர் என்ற மென்பொருள்தான் இல்லை. கொம்பியூட்டர்ப் பெட்டி மேசைக்கடியில் இருட்டில் கிடக்க, சியாம் திரையைப் பார்த்தபடியே டிரைவரை எழுதி முடித்தான். சிப்பின் விபரத்தாள் எங்கும் கிடைக்காததால் பாதி ஊகம்.

முதல் அளவே தொண்ணூறு பாகை என்று வந்தது.

"என்ன தம்பி, உள்ளுக்கு சோறா வேகுது?" என்று அல்பொன்சா சிரித்தாள்.

சியாமுக்கு முகம் சுருங்கிப்போனது. சிப் இரட்டிப்பாகச் சொல்கிறது என்று எண்ணி, இரண்டால் வகுக்க ஒரு வரி சேர்த்தான். நாற்பத்தைந்து! பெட்டியைக் குளிரவைக்கும் விசிறியும் அதை நம்பி மெதுவாகச் சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூசைக்குப் போயிருந்த நேரம் கொம்பியூட்டர் சூடேறி நின்றது, மோட்டார்களும் நின்றன. திரும்பி வந்தபோது குஞ்சுகள் தொட்டிகளின் அடியில் வெள்ளையாய்ப் படிந்து கிடந்தன. அதன்பின் சியாம் கண்டக்குழிப் பக்கமே வரவில்லை.

சிப் சொன்ன பொய்யால் ஒரு கெட்டிக்காரன் கெட்டான் என்று நான் இந்தக் கதையை முடிக்கப் பார்த்தால், என் பக்கத்திலிருந்து மீன் வெட்டிய அல்பொன்சா விடவில்லை.

"சிப் பொய் சொல்லயில்ல. உப்புக்காத்துப் படக்கூடாதெண்டு பெட்டியைப் பொலித்தீனால இறுக்கிச் சுத்தினது நான். தொண்ணூறு சரிதான்."