வாலில் வைத்த இரட்டைத் துணி

1950-களின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் ராயபுரத்தில் இருந்தோம். படகுகளுக்குப் பாய் தைப்பது என் வேலை. பக்கத்து வீட்டு அண்ணன் துறைமுகப் பட்டறையில் மிஸ்திரி. வேலை விட்டு வந்ததும் கொல்லைக் கொட்டகையில் புகுந்துகொள்வார். இரண்டு பேர் போகும் விமானம் கட்டிக்கொண்டிருந்தார். முன்னால் அவர், பின்னால் அண்ணி. படம் வரைந்த அன்றே அண்ணி கேட்டு வாங்கிய இடம் அது.

மெல்லிய மரச்சட்டங்களால் ஆன கூடு. “இன்னாண்ணே, கோழிக்கூண்டு கணக்கா கீது?” என்றேன். அவர் கோபிக்கவில்லை. கனம் குறைந்தால்தான் எழும்பும் என்று விளக்கி, மேலே போர்த்தத் துணி கொடுத்தார். ஒற்றைத் துணி, ஒற்றைத் தையல் போதும் என்றார்.

காற்றைப் பற்றி எனக்கே பாடமா? சரியான கஞ்சன் என்று நினைத்துக்கொண்டு, வாலுக்கு மட்டும் உள்ளே இன்னொரு துணி வைத்து, படகுப் பாய் போலவே மூன்று வரிசை தைத்தேன். பசை பூசியதும் ஒன்றும் வெளியே தெரியவில்லை.

காய்ந்த பிறகு இருவரையும் உட்காரவைத்து, உத்தரத்தில் கயிறு போட்டு விமானத்தைத் தூக்கினோம். நேராக நிற்க வேண்டுமாம். வால் தொங்கியது. மூன்று நாள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், தன் கணக்கு தப்பு, பின் ஸீட்டை எடுத்துவிடப் போகிறேன் என்றார். அண்ணி உள்ளே போய்விட்டாள்.

வாலை இழுத்தது நான் ஒளித்து வைத்த துணியின் கனம்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அண்ணியின் இடம் போகும்.

“கணக்கு சரியாத்தாண்ணே கீது. நான்தான் வால்ல ரெட்டைத் துணி வெச்சுத் தெச்சிட்டேன்.”

“இன்னாத்துக்கும்மா?”

“காத்துல கிய்ஞ்சிடப் போவுதுன்னுதான்.”

அவர் திட்டவில்லை. ஜுரம் விட்டவர் மாதிரி மூச்சுவிட்டார். அண்ணிதான் கத்தரிக்கோலோடு வந்தாள். “என்னை வூட்லயே குந்த வெச்சிருப்பியேடி, பாவி” என்று என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு, என்னோடு உட்கார்ந்து துணியைப் பிரித்தாள்.

மறுபடி தைத்துத் தூக்கியபோது விமானம் பலகை போல நேராக நின்றது. பிறகு ஒருநாள் அது மைதானத்திலிருந்து எழும்பியது. முன்னால் இருந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்தவள் எங்களுக்குக் கையாட்டினாள்.

இன்றும் எனக்குத் தாராளக் கைதான். ஆனால் யாராவது ‘இவ்வளவு போதும்’ என்றால், அவருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்குமோ என்று அந்தக் கை ஒரு நொடி நின்று யோசிக்கிறது.