பாஸ் ஓவர்

நான் வக்கீல். அடுத்தவர் சொல்லிக் கேட்டதைச் சாட்சியாகச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அதனால் என் காதால் கேட்டதை மட்டும்தான் இங்கே எழுதுகிறேன். கடைசியில் வருவது மட்டும் இன்னொருவர் கேட்டது. என்னிடம் பொய் சொல்லி அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் நடந்தது.

போன மே மாதம், சங்கரன்கோவிலில். எங்கள் ஆபீஸ் மாடியில் இருக்கிறது. கீழே அப்துல் ஜப்பார் பாயின் டீக்கடை. சீனியர் சங்கரபாண்டியன் சாருக்கு நாங்கள் நான்கு ஜூனியர்கள். கோமதிசங்கர், முகம்மது அப்சல், அபிதா, பிறகு பொன்செல்வி என்கிற நான். இரண்டு பேருக்கே காணாத வேலையை நான்கு பேர் பார்த்ததால் எங்களுக்கு விளையாட நிறைய நேரம் இருந்தது.

கோர்ட்டில் வழக்கு வரும்போது டவாலி வாசலில் நின்று, இன்னார் மகன் இன்னார் என்று மூன்று தடவை கூப்பிடுவார் இல்லையா? கோமதிசங்கர் அதை அப்படியே செய்வான். லேட்டாக வருகிறவன் படியேறும்போது மேலே விறைப்பாக நின்றுகொண்டு, “முகம்மது அப்சல்... முகம்மது அப்சல்...” என்று இழுப்பான். மூன்றாவது தடவை முடிவதற்குள் “ஆஜர்” சொல்லாவிட்டால் அவன் எக்ஸ்பார்ட்டி, ஆள் வராததால் வழக்கில் தோற்றவன். எல்லோருக்கும் டீயும் வடையும் வாங்கித் தர வேண்டும். அப்சல் பாதிச் சம்பளத்தை ஜப்பார் பாய் கடையிலேயே விட்டான்.

நான் குருவிகுளத்திலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். எனக்கு முன்னால் யாரும் வந்ததில்லை. அதனால் கோமதிசங்கர் என் பெயரைக் கூப்பிட்டதே இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், அதற்காகவே ஒருநாள் லேட்டாக வரலாமா என்று யோசித்திருக்கிறேன். அவர்கள் மூவரும் ஒரே காலேஜ். நான் பேசினால் மூன்று பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், அவ்வளவுதான். ஆபீஸில் என்னை “ஏ பிள்ள” என்று உரிமையோடு கூப்பிட்டது கோமதிசங்கர் ஒருவன்தான்.

சீனியர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் ஒன்றே ஒன்று. நம் கட்சிக்காரர் பெயரைக் கூப்பிடும்போது ஆள் இல்லையா? யோசிக்காதே. எழுந்து “ஆஜர், பாஸ் ஓவர்” என்று சொல். கேஸ் கட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மற்றதெல்லாம் முடிந்ததும் சாயந்திரம் மறுபடி கூப்பிடுவார்கள். அதற்குள் ஆளைப் பிடித்துவிடலாம். வேறு தேதிக்கு வாய்தா கேட்பது அவருக்குக் கெட்ட வார்த்தை. “வாய்தா கேக்கதுக்கு வக்கீல் எதுக்குவே?” என்பார். தூக்கத்தில் எழுப்பினாலும் நாங்கள் பாஸ் ஓவர்தான் கேட்போம்.

மே மாதம் கோர்ட் விடுமுறை. அப்சலின் மாமா தோப்பு கடையநல்லூர் பக்கம் இருக்கிறது. பெரிய கிணறு. மூன்று பேரும் குளிக்கப் போவதாக முடிவு செய்தார்கள்.

“நீயும் வா பிள்ள” என்றான் கோமதிசங்கர்.

நான் வாய் திறப்பதற்குள் சீனியர் முந்திக்கொண்டார். “பனவடலியில இருந்து ஒரு கட்சிக்காரர் கையெழுத்துப் போட வாராரு. ஒரு ஆளு இருக்கணும்லா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான் இருக்கேன் சார்” என்றேன். வேறு என்ன சொல்ல?

மறுநாள் சீனியர் தன் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பார்த்து ஊரில் மாதாந்திர மின்தடை. ஒன்பது மணிக்கே கரண்ட் போனது. எங்கள் ஊரில் கரண்ட் போனால் விசிறி மட்டும் நிற்காது, விடியற்காலையிலிருந்து அடிக்கிற தறிகளும் நிற்கும். அந்தச் சத்தத்திலேயே இருந்து பழகியவர்களுக்கு அது நிற்கும்போது காது அடைத்தது போல இருக்கும். கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரும் படுத்துவிட்டது.

கட்சிக்காரர் வரவே இல்லை. தோப்பில் இப்போது என்ன பேசிச் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே தயிர்ச்சாதத்தைத் திறந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. அழுகையாக வந்தது.

மணி 12.20.

டக்... டக்...

தோல் செருப்புச் சத்தம். படியில் யாரோ வருகிறார்கள், கட்சிக்காரராக இருக்கும் என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். ஆனால் சத்தம் ஏறி வரவில்லை. ஒரே இடத்தில் அங்கும் இங்கும் நடந்தது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“சங்கரநாராயணன் மகன்... கோமதிசங்கர்...”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போகவில்லையா இவன்? எனக்காகத் திரும்பி வந்துவிட்டானா? அந்த ஒரு நிமிடம் நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓடிப்போய் படியை எட்டிப் பார்த்தேன்.

படியில் யாரும் இல்லை. வெயில் மட்டும் கிடந்தது.

டக்... டக்...

சத்தம் எனக்குப் பின்னால் கேட்டது.

சீனியர் அறைக்குள்ளிருந்து.

பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“சங்கரநாராயணன் மகன்... கோமதிசங்கர்...”

இது அவன் குரல் இல்லை. அவன் கூப்பிட்டால் அடியில் சிரிப்பு இருக்கும். இந்தக் குரலில் எதுவும் இல்லை. கோபம்கூட இல்லை. காலையிலிருந்து நிறையப் பேரைக் கூப்பிட்டுக் களைத்துப்போன ஒரு வயசாளியின் குரல்.

பின்னால் நகர்ந்ததில் டிபன் டப்பாவில் இடித்துக்கொண்டேன். சாதம் கீழே கொட்டியது.

இரண்டு தடவை ஆகிவிட்டது...

“சங்கரநாராயணன் மகன்...”

நான் யோசிக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. கால் தானாக ஒட்டி நின்றது. வாய் தானாகத் திறந்தது.

“ஆஜர்! பாஸ் ஓவர்!”

குரல் பாதியில் நின்றது.

உள்ளே ஒரு தாள் புரளும் சத்தம்...

பிறகு எதுவுமே இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. கீழே ஓடி, ஜப்பார் பாய் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பேயறைந்தவள் மாதிரி இருந்திருப்பேன். அவர் கேட்காமலே ஒரு டீ போட்டுக் கொடுத்தார். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கின. அந்த இரைச்சலில்தான் எனக்கு உயிர் வந்தது. வெறும் வயிறு, வெயில், தனிமை, மனப்பிரமை என்று எனக்கு நானே வாதாடி ஜெயித்தும்விட்டேன்.

மேலே போய்ச் சிந்திய சாதத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அப்சல்.

“பொன்செல்வி, பெரிய கண்டம் தப்பிச்சுது. நம்ம கோமதி கிணத்துல குதிச்சவன் மேல வரவே இல்ல. தோப்புக்காரரு முங்கித் தூக்கினாரு. மூச்சே இல்ல. பிறகு தண்ணியக் கக்கிட்டுக் கண்ணு முழிச்சிட்டான்.”

“எப்ப?” என்றேன்.

“பன்னெண்டு, பன்னெண்டரை இருக்கும். இந்தா, அவனே பேசணுங்கான்.”

கோமதிசங்கர் போனை வாங்கினான். இருமினான். பிறகு சிரித்தான்.

“ஏ பிள்ள, ஒரு கூத்தக் கேளு. தண்ணிக்கு அடியில கெடக்கேன், ஒரே இருட்டு. அப்ப ஒன் சத்தம் கேட்டுது. ஆஜர்னு எனக்காகச் சொல்லுத. நல்ல வக்கீலுதான் போ!”

“ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று மட்டும் சொன்னேன்.

“நாலு மடக்கு தண்ணி குடிச்சதுக்கா? கொஞ்சம் அசதியா இருக்கு. தூங்கினா சரியாப்போவும்.” மறுபடி இருமினான். “நாளைக்கு ஒனக்கு நான்தான் டீ.”

போனை வைத்துவிட்டு நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான். தண்ணிக்கு அடியில் கிடந்தவனுக்கு அம்மா ஞாபகம் வரவில்லை, அப்சல் ஞாபகம் வரவில்லை, என் குரல் கேட்டிருக்கிறது. அந்த அறையும் பூட்டும் எல்லாம் மறந்துபோனது. பிழைத்தது பிழைத்ததுதானே? நான்கு மணிக்கு ஆபீஸைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட். நாளைக்குக் கட்டாயம் லேட்டாகத்தான் வருவது, அவன் என் பெயரைக் கூப்பிடட்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

ராத்திரி அபிதா அழைத்தாள். வெகு நேரம் அழுதாள்.

திரும்பி வரும்போது காரில் கோமதிசங்கர் தூங்கியிருக்கிறான். அசதி என்று அவர்களும் எழுப்பவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் இறங்கச் சொல்லித் தட்டியிருக்கிறார்கள்.

உடம்பு சில்லிட்டிருந்ததாம்.

அவன் வீட்டில் சாமியானா போட்டிருந்தார்கள். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. சங்கரநாராயணன் அவர்களின் மகன் என்று அதில் போட்டிருந்தது. அவன் அப்பா பெயரை நான் அதில்தான் முதல்முதலாகப் படித்தேன்.

வாய்தா கேட்டிருக்கலாம். ஒரு மாதமோ ஒரு வருஷமோ, ஏதோ ஒரு தேதி கிடைத்திருக்கும். இப்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

காரியம் முடிந்தபின் ஆபீஸுக்குப் போனேன். படியேறப் போனவளை ஜப்பார் பாய் நிறுத்தினார்.

“வக்கீலம்மா, கேக்கணும்னு நெனச்சேன். அன்னைக்குச் சாயந்திரம் மேல யாரு இருந்தாவ?”

“எப்ப, பாய்?”

“கரண்ட் போச்சுல்லா, அன்னைக்கு. அஞ்சேகால் இருக்கும். யாரோ கூப்பிட்டாவ. இன்னாரு மகன்னு, கோர்ட்டுல கூப்பிடுவாவளே, அந்த மாதிரி. நிறுத்தி நிறுத்தி மூணு தடவ.”

நான் படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“மூணாவது தடவைக்குப் பிறகு கொஞ்ச நேரம் பாத்தாவ போல. பிறகு கதவு சாத்துன சத்தம் கேட்டுது.” அவர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “நீங்க உள்ளதான் இருப்பியன்னு நெனச்சேன். நீங்க ஏன் பதில் சொல்லல?”