அண்ணி நிறுத்தி வைத்த கடைசி அத்தியாயம்

பொட்டலத்தின் இரண்டு முனையும் திறந்தே இருக்கும். நடுவில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாகச் சணல் கயிறு. சிமெண்டு மூட்டையின் காகிதத்தை உதறி, ஈரத்துணியால் துடைத்து, வெயிலில் காயவைத்து வெட்டிய உறை. அதன் மேல் கஞ்சிப் பசையால் ஒட்டிய விலாசச் சீட்டு. மூலையில் என் அண்ணியின் குண்டு குண்டான எழுத்தில் 'புக் போஸ்ட்'. அச்சடித்த புத்தகத்தைச் சல்லிசாகத் தபாலில் அனுப்ப வேண்டுமானால் பொட்டலத்தை மூடக் கூடாது, உள்ளே ஒரு வரிகூடக் கடிதம் வைக்கக் கூடாது என்பது சட்டம். தபாலாபீசில் யார் வேண்டுமானாலும் உருவிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு மறுபடி செருகி வைக்கலாம். "மூடி வெச்சா காசு ஜாஸ்தி, தொறந்து வெச்சா கம்மி. கவர்மெண்டுக்கு நம்ம மேல அவ்ளோதான் நம்பிக்கை," என்பார் அண்ணி. அந்தத் திறந்த பொட்டலத்தை நினைக்கும்போதெல்லாம், உள்ளே ஒன்றும் இல்லாமலேயே பயந்து நடுங்கிய ஒரு வருஷம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

திருவொற்றியூரில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால் ஓட்டு வீட்டு வரிசையில் எங்கள் வீடு. அண்ணன் ஆலையில் வேலை செய்தவர். ஒரு வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதற்காகச் சில மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தார். வந்து பார்த்தபோது ஆலை வேலை போயிருந்தது. துறைமுகத்தில் நாள் கூலிக்குப் போக ஆரம்பித்தார். அவர் உள்ளே இருந்த நாட்களில்தான் அண்ணி இந்தத் தொழிலைக் கண்டுபிடித்தார். வண்ணாரப்பேட்டைப் பழைய பேப்பர் கடையில் வாரப் பத்திரிகைகளை எடைக்கு வாங்கி வருவார். தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து, வாரம் தவறாமல் அடுக்கி, வலை பின்னும் ஊசியால் தைத்து அட்டை போடுவார். ராயபுரத்து மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர், மீன்பிடி வலை பின்னும் வீட்டில் பிறந்தவர். படிப்பும் பின்னலும் சேர்ந்து ஒரு பிழைப்பாயிற்று. வால்பாறை எஸ்டேட் குமாஸ்தாவின் மனைவி, எங்கோ பொட்டல்காட்டு ஸ்டேஷனில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டர், அரக்கோணத்தில் ஓய்வு பெற்ற வாத்தியார் என்று சந்தாதாரர்கள் சேர்ந்தார்கள். அண்ணி அனுப்புவார், அவர்கள் படித்துவிட்டு அதே மாதிரி கட்டித் திருப்பி அனுப்புவார்கள். வண்ணாரப்பேட்டையைத் தாண்டாமலே அண்ணியின் கை வால்பாறை வரை நீண்டது.

எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்த முதல் ஆள் நான். துறைமுக ஆபீஸ் குமாஸ்தா வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தேன். வேலை உத்தரவு வருவதற்கு முன் போலீஸ் விசாரணை ஒன்று உண்டு. ஆளின் யோக்கியதையை மட்டுமல்ல, வீட்டில் யார் யார், யாரோடு பழக்கம், எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். செங்கொடிச் சங்கத்துக்காரர்களைப் போலீஸ் ஒருவர் ஒருவராகத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த காலம். சிறைக்குப் போய் வந்த அண்ணனை வைத்துக்கொண்டு அந்த விசாரணையில் எப்படித் தப்புவது என்பதுதான் எங்கள் வீட்டின் ஒரே கவலை. நான் தெருவில் நடக்கும்போதுகூட யாராவது பார்த்தால் நல்லவன் மாதிரி தெரியட்டும் என்று கைகளை வீசாமல் நடந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் புகார்கள் வந்தன. முதலில் ஸ்டேஷன் மாஸ்டர் கார்டு போட்டார்: புத்தகம் வழக்கத்தைவிடத் தாமதமாக வருகிறது. பிறகு எஸ்டேட் அம்மாள் எழுதினார்: பக்கங்களுக்கு நடுவே மூக்குப்பொடி கொட்டிக் கிடக்கிறது, தும்மித் தும்மிப் படிக்க வேண்டியிருக்கிறது, உங்கள் வீட்டில் யாருக்கு இந்தப் பழக்கம்? வாத்தியாரும் அதையே எழுதினார். எங்கள் வீட்டில் யாருக்கும் பொடி கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து ஒரே புகார் வந்தால், தவறு நடக்கும் இடம் எங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும். "நம்ம கையவுட்டு போனதும் எவனோ உருவறான்," என்றார் அண்ணி. அண்ணன் பீடியை அணைத்துவிட்டுச் சொன்னார்: "எவனோ இன்னா? சி.ஐ.டி.தான். உள்ள சங்கத்து நோட்டீசு வெச்சி அனுப்பறோமான்னு பாக்கறான்."

அன்றிலிருந்து எங்களுக்கு யாரையும் நம்ப முடியவில்லை. தபால்காரர் ஒரு நாள், "இன்னாக்கா, இந்த வாரம் பேய்க் கதையா, காதல் கதையா?" என்று சிரித்துக்கொண்டு கேட்டார். உள்ளே இருப்பது கதை என்று இவனுக்கு எப்படித் தெரியும் என்று அன்று முழுவதும் பேசினோம். தபாலாபீஸ் குமாஸ்தா பொட்டலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். எல்லாப் பொட்டலத்தையும் அப்படித்தான் பார்ப்பார், ஆனால் எங்களுடையதை மட்டும் அதிக நேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. எதிர் டீக்கடை பெஞ்சில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்து எங்கள் வாசலையே கவனித்தார். நான் ஒரு வாரம் பின்கட்டு வழியாகவே போய் வந்தேன். அவர் தன் மைத்துனி மகளுக்கு என்னை மாப்பிள்ளை பார்க்க வந்தவர் என்று பிறகு தெரிந்தது. பையன் திருடன் மாதிரி பின்வாசலில் போகிறான் என்று சொல்லி அந்தச் சம்பந்தத்தை விட்டுவிட்டாராம்.

தொழிலை நிறுத்திவிடலாம் என்றேன். அண்ணி ஒப்பவில்லை. திடீரென்று நிறுத்தினால் அதுவே சந்தேகம் என்றார். பிறகு ஊசியைப் பல்லில் கடித்தபடி சற்று யோசித்து, தைத்து முடித்திருந்த ஒரு புத்தகத்தை எடுத்தார். ஜமீன்தார் ஒருவருக்குப் பாலில் விஷம் வைத்தது யார் என்று அத்தியாயம் அத்தியாயமாக இழுத்துக்கொண்டு போகும் கதை. கடைசி அத்தியாயத்தின் தையலை மட்டும் பிரித்து, அந்தப் பக்கங்களை உருவி அரிசிப் பானை மூடிக்குக் கீழே வைத்தார். மீதியை அரக்கோணத்துக்குக் கட்டினார்.

"வாத்தியார் கோச்சிக்கப் போறாரு, அண்ணி."

"அவருக்கு அப்பறமா அனுப்பிக்கலாம். மொதல்ல எவன் வந்து கேக்கறான்னு பாப்போம் தம்பி. இந்தக் கதைய இம்மாந்தூரம் படிச்சவன் முடிவு தெரியாம தூங்க மாட்டான்."

எனக்கு அது விளையாட்டுத்தனமாகப் பட்டது. ஆனால் மறுநாள் மத்தியானமே ஒருவர் வந்தார். பொட்டலம் அப்போது அரக்கோணம் போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது. வேட்டியும் சட்டையும்தான் உடுத்தியிருந்தார். காலில் மட்டும் போலீஸ் பூட்சு. வேலை விஷயமாக விசாரிக்க வந்திருப்பதாகச் சொன்னார். தெரு முழுவதற்கும் தெரிந்த ஏட்டையாதான். அண்ணி ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உங்க வூட்டுக்காரு எங்கம்மா?"

"கூலிக்குப் போயிருக்காரு."

"சங்கத்து ஆளுங்க யார்னா வந்துகினு போய்கினு கீறாங்களா?"

"வந்தா டீ கேப்பாங்க. ரேசன்ல சக்கர போடல. அதனால யாரும் வர்றதில்ல."

ஏட்டு என் பக்கம் திரும்பினார். "நீதான் பரீட்சை பாஸ் பண்ணவனா? எந்தப் பேப்பர் படிக்கற?"

எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வேன் என்று, "எதுவும் படிக்கறதில்ல சார்," என்றேன்.

"எஸ்.எஸ்.எல்.சி. படிச்சிட்டு எதுவும் படிக்கறதில்லியா? இன்னா படிப்புடா அது!"

மடியிலிருந்து ஒரு தகர டப்பியை எடுத்து, ஒரு சிட்டிகை பொடியை உறிஞ்சினார். மிச்சம் அவர் முழங்காலில் உதிர்ந்தது. அண்ணி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"ஏம்மா, இந்தப் பொஸ்தகம் அனுப்பறியே, எல்லாத்தையும் முழுசாத்தான் அனுப்புவியா?"

"முழுசாத்தான்."

"சிலது கடைசில கொஞ்சம் கொறையுதுன்னு கேள்விப்பட்டேன்."

"யாருங்க சொன்னது? அரக்கோணத்து வாத்தியாரா?"

"அப்டிதான் வெச்சிக்கயேன்." அவர் வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பாலுல விசத்த வெச்சது யாரு? என்னைக் கேட்டா, எனக்கு அந்தக் கொழுந்தன் மேலதான் சந்தேகம்." சொல்லும்போது அவர் பார்வை தற்செயலாக என் மேல் விழுந்தது. அந்த வீட்டில் அண்ணிக்கு இருந்த ஒரே கொழுந்தன் நான். கதையில் வரும் கொழுந்தனைச் சொல்கிறார் என்று விளங்குவதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

அண்ணி அரிசிப் பானையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கடைசி பாகம் இன்னும் தெக்கல. நாளைக்கி தபால்ல போட்ருவேன். எப்பவும் கெடைக்கற எடத்துலயே கெடைக்கும், ஏட்டையா," என்றார்.

அண்ணி எங்கள் எல்லோருடைய சோற்றிலும் மண்ணைப் போட்டுவிட்டார் என்றே நினைத்தேன். ஏட்டு டப்பியை மூடி எழுந்தார். படியிறங்கியதும் ஒரு சிரிப்பு சிரித்தார். தெருக்கோடிவரை கேட்கும் சிரிப்பு.

அவர் கதை கேட்க வந்தாரா, எங்கள் வாயைப் பிடுங்க வந்தாரா என்று அன்று முழுக்க எங்களுக்குத் தெளியவில்லை. அனுப்பும் முன் அந்த அத்தியாயத்தை நான் வரி வரியாகப் படித்தேன். ஓரிடத்தில் 'கிழக்கு சிவந்தது' என்று இருந்தது. அதை மட்டும் அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். "அடிச்சாதான்டா சந்தேகம். சூரியன் செவப்பாத்தான் வரும், அதுக்கு நாம இன்னா பண்ண முடியும்?" என்று பிடுங்கிக்கொண்டு போய்க் கட்டினார். அது வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்தது. எத்தனை நாள் கழித்து என்று அவர் எழுதவில்லை. பொடி மட்டும் இருந்தது என்று எழுதினார்.

மாத முடிவில் என் வேலை உத்தரவு வந்தது. அண்ணி கற்பூரம் ஏற்றினார். நான் அழுதேன் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தச் சந்தோஷம் அண்ணன் வீடு வந்து சேரும்வரைதான். ஏட்டு எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசியதும், சிரித்துக்கொண்டே போனதும் அவருடைய கூட்டாளிகளுக்கு எப்போதோ எட்டியிருந்தது. சிறைக்குப் போனவனின் தம்பிக்கு வேலை கிடைக்கிறது என்றால், வீட்டிலிருந்து போலீசுக்கு ஏதோ தகவல் போயிருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். டீக்கடையில் அண்ணன் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுமாம். போலீசிடமிருந்து எங்களைத் தப்பவைத்த அந்தச் சிரிப்பே சொந்த ஆட்களிடம் எங்களை மாட்டிவிட்டது.

"அவன் சும்மாவா வந்தான்? சும்மாவா சிரிச்சான்? இன்னா குடுத்தீங்க அவனுக்கு?" என்று கேட்டார் அண்ணன்.

"ஒரு அத்தியாயம்," என்றார் அண்ணி.

"கத வுடாத."

"கததான் வுட்டேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் என் முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு வேட்டி வாங்கி வந்தேன். அதைத் தொடாமல் நகர்த்தி வைத்தார். எது போயிற்று என்று தெரியாமல் அந்தச் சம்பளத்துத் துணி தன் உடம்பில் ஏறாது என்றார். அரக்கோணத்திலிருந்து புத்தகம் திரும்பி வந்த அன்று அதை வாங்கிக்கொண்டு விளக்கடியில் உட்கார்ந்தார். மூன்றாவது வரை படித்தவர். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, விரலை வைத்துக்கொண்டு அந்தக் கடைசி அத்தியாயத்தைப் படித்தார். 'கிழக்கு சிவந்தது' வந்த இடத்தில் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார். மறுபடி குனிந்து முடித்தார்.

"இதுல ஒண்ணும் இல்லியே."

"நான்தான் சொன்னேனே."

"ஒண்ணும் இல்லாததுக்கா ஒரு போலீஸ்காரன் படியேறி வருவான்? முன்னாடி எங்கனா இருக்கும்."

"அப்ப மொதல்லேருந்து படி," என்று அண்ணி புத்தகத்தைப் புரட்டி முதல் பக்கத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

இது நடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. கெடுபிடி குறைந்துவிட்டது. ஏட்டு மாற்றலாகிப் போய்விட்டார். நான் துறைமுக ஆபீசில் அதே நாற்காலியில் இருக்கிறேன். அண்ணன் அந்தக் கதையை முடித்தார், ஒன்றும் அகப்படவில்லை. ஏட்டு உருவிப் பார்த்தது அது ஒன்றை மட்டும்தானா என்று கேட்டு, அந்த வருஷம் தபாலில் போன அத்தனை புத்தகங்களையும் பார்த்துவிடுவதாகச் சொன்னார். காதில் பென்சில் செருகிக்கொண்டு சாயங்காலம் தவறாமல் உட்காருகிறார். சந்தேகப்படும் வரிக்குக் கீழே கோடு போடுகிறார். நான் வேலை முடிந்து வரும்போது, "டேய், இந்த வக்கீலு நல்லவனா கெட்டவனா? அத மட்டும் சொல்லு," என்று கேட்பார். சொன்னால் நம்ப மாட்டார்.

சில நேரம் எனக்கு அண்ணி மேலேயே சந்தேகம் வருகிறது. பெட்டியிலிருந்து அவர் எடுத்துக் கொடுப்பதெல்லாம் தடித் தடிப் புத்தகங்களாக இருக்கின்றன. அண்ணன் கதை படிக்க ஆரம்பித்த முதல் மழைக்காலத்தில் ஒரு நாள், டீக்கடையிலிருந்து அவர் பழைய கூட்டாளிகள் இரண்டு பேரைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிற்று. அந்தச் சாயங்காலம் அண்ணன் வீட்டில் ஒரு விதவையின் சொத்து வழக்கில் மூழ்கிக் கிடந்தார். தெரிந்துதான் இப்படிச் செய்தீர்களா என்று அண்ணியிடம் கேட்டேன். "அந்தக் கயித்த எடு தம்பி, தபாலுக்கு நேரமாச்சி," என்றார்.

இந்தப் பொங்கலுக்கும் அந்த வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்து அண்ணி வெயிலில் காட்டினார். நான்கு முனையும் இழுத்து, பழைய மடிப்பிலேயே மடித்தார். அண்ணன் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னும் ஏழெட்டுப் பொஸ்தகம் கீது," என்றார்.